ஜப்பானியத் தையல் புத்தகம் பார்த்து ஒரு டாப் தைப்பது எப்படி

ஜப்பானில் தையல் இயந்திரத்துக்குப் பெயர் ‘மிஷின்’. வேறெந்த இயந்திரத்தையும் அப்படிச் சொல்வதில்லை. மிஷின் என்றால் தையல் மிஷின்தான். என் அம்மாவும் அப்படித்தான் பேசுவாள். “மிஷினை மூடி வை” என்று சொன்னால் எது என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. டோக்கியோ நிஷி-கசாய்க்கு வந்த புதிதில் இது தெரிந்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. அந்தத் தெம்பில்தான் புத்தகக் கடையின் தையல் அலமாரிக்குப் போய், முகப்பில் வெள்ளை டாப் போட்ட பெண் நிற்கிற ஒரு புத்தகத்தை வாங்கி வந்தேன். ஒரு வரி படிக்கத் தெரியாது. படம்தான் இருக்கிறதே, பார்த்துத் தைத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில் இரண்டு மீட்டர் லினன் பாழாய்ப் போனது.

அந்தக் கால்வாசியைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன். மிஷினில் நேர்த்தையல் போட வந்தால் போதும். தலையணை உறை தைத்திருந்தால் நல்லது. அளவெடுத்து வரைந்து வெட்டத் தெரிய வேண்டியதில்லை. அந்த வேலையைப் புத்தகமே செய்து கொடுத்துவிடுகிறது.

புத்தகத்தைப் புரட்டுவது

முன்பாதி முழுக்கப் புகைப்படம். அழகாக இருக்கும், தைக்க உதவாது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: தோள் தையல் எங்கே விழுகிறது, கழுத்து எவ்வளவு திறந்திருக்கிறது, கை எங்கே முடிகிறது. பின்பாதியில் ஒவ்வோர் உடைக்கும் ஒன்றிரண்டு பக்கம் கோட்டுப் படங்கள். கடைசி அட்டையை ஒட்டி, நாலைந்து மடிப்பாகப் பெரிய தாள்கள் இருக்கும். அதுதான் நிஜ அளவு பேப்பர் கட்டிங், அதாவது பேட்டர்ன். தாளின் பக்கங்களுக்கு ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்தில் பெயர் இருக்கும். உங்கள் உடைக்கு எந்தப் பக்கம் என்பதை அதன் செய்முறைப் பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

செய்முறை வாசகங்கள் மிகச் சிக்கனமானவை. ‘தோளைத் தை’, ‘பக்கத்தைத் தை’, ‘கையைப் பொருத்து’. அவ்வளவுதான். எப்படி என்று சொல்ல மாட்டார்கள். இதற்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. டோக்கியோவின் புன்கா ஆடைக் கல்லூரி 1923-லேயே அரசு அங்கீகாரம் பெற்ற தையல் பள்ளி. அவர்களின் ‘ஸோயென்’ இதழ் 1936-ல் வந்துவிட்டது. போருக்குப் பிறகு ஊரெங்கும் மேல்நாட்டு உடை தைக்கக் கற்றுத்தரும் பள்ளிகள் பெருகின. படிப்பவளோ அவள் அம்மாவோ இப்படி எங்காவது கற்றிருப்பாள் என்ற நினைப்பிலேயே புத்தகம் எழுதும் பழக்கம் வந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் “ஒரு கை உப்பு” என்று சமையல் குறிப்பு சொல்கிற பாட்டி மாதிரி.

உடையின் கோட்டுப் படம் ஒன்றில் அம்புக்குறிகளும் 1, 2, 3 என எண்களும் இருக்கும். தைக்க வேண்டிய வரிசை அதுதான். அந்தப் படத்தை ஃபோனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தைக்கும்போது பத்துத் தடவை பார்ப்பீர்கள்.

தெரிந்தே ஆக வேண்டிய சில எழுத்துகள்

முழு மொழியும் வேண்டாம். வடிவத்தை வைத்துச் சிலவற்றை அடையாளம் கண்டால் போதும்.

‘மாயெ’ என்றால் முன்பக்கம். தலையில் இரண்டு சிறு கொம்பு முளைத்த எழுத்து. ‘உஷிரோ’ என்றால் பின்பக்கம். இடப்பக்கம் இரண்டு சாய்கோடும் அதன் கீழே ஒரு நிற்கும் கோடுமாக ஆரம்பிக்கும். ‘சொதே’ கை. ‘மிக்காயெஷி’ கழுத்துக்கு உள்ளே மடியும் உள்பட்டி.

‘வா’ என்ற ஒற்றை எழுத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரிய வேண்டும். நிற்கும் கோடு ஒன்று, அதைத் தொட்டு வலப்பக்கம் வயிறு தள்ளிய வளைவு. ஒரு கோட்டின் பக்கத்தில் அது இருந்தால், அந்த இடம் துணியின் மடிப்பில் வர வேண்டும் என்று அர்த்தம். அங்கே வெட்டக் கூடாது, தையலுக்கென்று கூடுதல் துணி விடவும் கூடாது. இதைத் தவறவிட்டால் முன்பக்கம் இரண்டு துண்டாகக் கையில் வரும். நடுவில் ஒரு தையல் போட்டு, ‘டிசைன்’ என்று சொல்லிச் சமாளிக்கலாம். எத்தனை தடவைதான் சமாளிப்பது?

அடுத்து, துணியின் வெளிப்பக்கம், உள்பக்கம். வெளிப்பக்கம் ‘ஒமொத்தே’, உள்பக்கம் ‘உரா’. இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். நடுவில் கட்டம் கட்டமாக அடைத்திருப்பது உரா. மேலே மூன்று படுக்கைக்கோடு மட்டும் இருந்து காற்றோட்டமாகத் தெரிவது ஒமொத்தே. ‘நாக்கா-ஒமொத்தே’ என்று வந்தால் இரண்டு வெளிப்பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்துத் தைக்க வேண்டும்.

ஃபோன் கேமராவை நீட்டி மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் ‘வாரு’ என்ற சொல்லுக்கு அகராதியில் உடைப்பது, பிளப்பது என்று பொருள். தையலில் அது பிடித்துத் தைத்த துணியை இருபுறமும் விரித்து அயர்ன் செய்வது. ‘தாஒஸு’ என்றால் சாய்ப்பது, வீழ்த்துவது. தையலில் இரண்டு துணியையும் சேர்த்து ஒரே பக்கம் மடக்கி அயர்ன் செய்வது. “பக்கத்தை உடை, பின்னால் வீழ்த்து” என்று திரையில் வந்தால் பயப்படாதீர்கள்.

அச்சடித்த கோடு வெட்டும் கோடு அல்ல

என் லினன் போன இடம் இதுதான். மேல்நாட்டுக் கம்பெனிகள் உறையில் போட்டு விற்கும் பேட்டர்ன்களில் தையலுக்கு விட வேண்டிய துணியையும் சேர்த்தே வரைந்திருப்பது வழக்கம். கோட்டிலேயே வெட்டலாம். ஜப்பானியப் புத்தகங்களில் பெரும்பாலானவை அப்படி இல்லை. தாளில் இருப்பது தையல் விழுகிற கோடு. தையலுக்கு விட வேண்டியதை நாமேதான் சேர்க்க வேண்டும்.

நான் கோட்டிலேயே வெட்டினேன். தைக்கும்போது எல்லாப் பக்கமும் 1 செ.மீ. பிடித்தேன். முன்பக்கத்தில் இரண்டு ஓரம், பின்பக்கத்தில் இரண்டு ஓரம், ஆக மார்புச் சுற்றில் மட்டும் 4 செ.மீ. காணாமல் போனது. தோள் ஏறியது, கை இறுகியது, கீழே மடிக்கத் துணியே இல்லை. வேடிக்கை என்னவென்றால் எல்லாம் சிறுத்தபோது கழுத்து மட்டும் 1 செ.மீ. அகன்றது. அந்தச் சட்டை இப்போது எதிர்வீட்டுப் பெண் குழந்தையிடம் இருக்கிறது. அவளுக்கு அது முழங்கால் வரை வரும் கவுன்.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது தாளில் இருக்காது. புத்தகத்துக்குள், துணியில் துண்டுகளை எப்படிப் பரப்புவது என்று காட்டும் ‘தாச்சி-ஆவாசே’ படத்தில் இருக்கும். நீளமான செவ்வகம், அதற்குள் முன், பின், கை எல்லாம் அடுக்கியிருக்கும். ஒவ்வோர் ஓரத்திலும் சின்ன எண். கீழ் ஓரத்தில் 3 என்றால் 3 செ.மீ. விட வேண்டும். எண் போடாத ஓரங்களுக்கு எவ்வளவு என்பதைப் படத்தின் அருகில் ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் 1 செ.மீ. தையலுக்கு விடும் அந்தத் துணிக்குப் பெயர் ‘நுயிஷிரோ’. எண்களுக்குப் பக்கத்தில் அலகு போட மாட்டார்கள். எல்லாமே சென்டிமீட்டர்தான். இன்ச் டேப்பைத் திருப்பிப் பிடியுங்கள்.

எந்த சைஸ்

ஜப்பானியப் பெண்கள் உடைக்கு 7, 9, 11, 13 என்று எண் உண்டு. அங்குள்ள தர அளவுப்படி 9 என்பது மார்பு 83 செ.மீ., 11 என்பது 86, 13 என்பது 89. உயரம் 158 செ.மீ. என்று வைத்து வரைந்திருப்பார்கள். சில புத்தகங்களில் எஸ், எம், எல் என்று இருக்கும். எதுவானாலும் அந்தப் புத்தகத்தின் அட்டவணையைப் பாருங்கள். புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும்.

158 என்ற உயரம் நம்மில் நிறையப் பேருக்குச் சரியாகவே வரும். உயரத்தில் சிக்கல் வராது, மேல்கையிலும் முதுகிலும்தான் பிடிக்கும். அட்டவணையில் மார்பு அளவைப் பார்த்ததுமே ‘நமக்கு இது ஆகாது’ என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். நான் மூடியிருக்கிறேன், தப்பு. இந்த டாப்புகள் தளர்வாக வரைந்தவை. செய்முறைப் பக்கத்தில் தைத்து முடித்த அளவுகள் தனியாக இருக்கும். 9-ஆம் எண்ணில் மார்பு 104 என்று போட்டிருந்தால், 83 செ.மீ. உடம்புக்கு 21 செ.மீ. தளர்வு. உங்கள் மார்பு 90 என்றால் அதே சட்டையில் 14 செ.மீ. தளர்வு கிடைக்கும். அதுவும் நல்ல தளர்வுதான். உங்களிடம் இருக்கும், போட்டால் சுகமாக இருக்கும் ஒரு குர்தியைத் தரையில் பரப்பி, அக்குளுக்குக் கீழே அளந்து இரண்டால் பெருக்குங்கள். அந்த எண்ணுக்குக் கிட்டத்தில் வருகிற சைஸை எடுங்கள்.

மேல்கைக்கு மட்டும் தனியாக ஒரு சோதனை. தாளில் கையின் அகலமான இடத்தை அளந்து, அதிலிருந்து உங்கள் மேல்கைச் சுற்றளவைக் கழியுங்கள். 5 செ.மீ.-யாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் பெரிய சைஸுக்குப் போங்கள்.

இன்னொன்று. ஊரில் ஜாக்கெட் தைத்தால் உள்ளே ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் துணி விட்டிருப்பார்கள். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். இந்த முறையில் 1 செ.மீ.தான், பிரிக்க ஒன்றும் இருக்காது. அதனால் சைஸில் சந்தேகம் இருந்தால் முதலில் பழைய வேட்டியிலோ காடா துணியிலோ உடம்புப் பகுதியை மட்டும் வெட்டி, பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை, நல்ல துணி தப்பிக்கும்.

தாளிலிருந்து எடுப்பது

தாளை முதன்முதலில் விரிக்கும்போது பகீரென்று இருக்கும். ஏழெட்டு உடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று, ரயில்வே வரைபடம் மாதிரி. அந்தத் தாளை வெட்டவே கூடாது. மேலே மெல்லிய தாள் வைத்து வரைந்து எடுக்க வேண்டும். இங்கே அதற்கென்றே ‘ஹத்தோரோன்’ தாள் சுருளாக விற்கிறது. ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பில் பென்சில் நன்றாகப் பிடிக்கும். ஊரில் இருப்பவர்களுக்கு பட்டர் பேப்பர் போதும்.

முதலில் அடித்தாளிலேயே உங்கள் சைஸ் கோட்டை வண்ணப் பென்சிலால் மூலைகளில் மட்டும் குறியுங்கள். சைஸுக்கு ஒரு கோட்டு வகை: முழுக்கோடு, புள்ளிக்கோடு, கோடும் புள்ளியும். எது உங்களுடையது என்று தாளின் ஓரத்தில் இருக்கும். மூலைகளைக் குறித்துவிட்டால் நடுவில் தடம் மாறாது. பிறகு ஹத்தோரோனை மேலே வைத்து, கனமான ஏதாவது இரண்டு பொருளால் அமுக்கி (நான் தோசைக்கல்லை வைப்பேன்), ஸ்கேலால் நேர்கோடுகளை முதலில் எடுங்கள். வளைவுகளை அப்புறம். இங்கே விற்கும் 50 செ.மீ. கட்டம் போட்ட பிளாஸ்டிக் ஸ்கேல் வளையக்கூடியது. இந்த வேலைக்கு அதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது.

கோட்டோடு சேர்த்து இவற்றையும் எடுங்கள்: நூலோட்டத்தை (துணியின் நீள நூல் போகும் திசையை) காட்டும் நீள அம்பு, கையும் உடம்பும் சேரும் இடங்களின் குறுக்குக் கோடுகள், வா என்ற எழுத்து, துண்டின் பெயர். முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், கழுத்து இறக்கத்தில்தான் வித்தியாசம். அதனால் பெயரை அப்போதே எழுதிவிடுங்கள். சில துண்டுகளைத் தாளில் தேடினாலும் கிடைக்காது. கிராஸ் பீஸ் (குறுக்குவாட்டில் சாய்த்து வெட்டும் பட்டி), நேர்ச்செவ்வகமான ஃப்ரில் போன்றவற்றுக்குப் புத்தகத்தில் நீள அகலம் மட்டும் கொடுத்திருப்பார்கள். நேரே துணியில் வரைந்து வெட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது தையலுக்குச் சேர்ப்பது. கட்டம் போட்ட ஸ்கேலின் 1 செ.மீ. கோட்டைப் பென்சில் கோட்டின் மேல் வைத்து, வெளி ஓரத்தில் இன்னொரு கோடு இழுங்கள். வளைவில் ஸ்கேலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் புள்ளி புள்ளியாக வைத்து, கடைசியில் சேருங்கள்.

கைமுனையில் மட்டும் நிதானம் வேண்டும். கை கீழே போகப் போகக் குறுகுகிறது. அந்தச் சாய்வை அப்படியே நீட்டி 3 செ.மீ. விட்டு வெட்டினால், உள்ளே மடிக்கும்போது மடிக்கும் துணி சின்னதாக இருக்கும், கையின் அகலத்துக்கு எட்டாது, இழுத்துப் பிடிக்கும். சரியான வழி இது: பக்கவாட்டில் வெட்டாமல் தாளை விட்டுவைத்து, கைமுனைக் கோட்டில் தாளை உள்ளே மடியுங்கள். மடித்த நிலையிலேயே பக்கவாட்டுக் கோட்டோடு சேர்த்து வெட்டுங்கள். விரித்தால் முனை இரண்டு பக்கமும் சிறகு மாதிரி வெளியே விரிந்திருக்கும். அதுதான் சரி. முதல் தடவை பார்க்கும்போது தப்பாக வெட்டிவிட்டோமோ என்று தோன்றும்.

துணி

தேவைப்படும் துணி ‘110 செ.மீ. பன்னா, 1.7 மீட்டர்’ என்பது மாதிரி எழுதியிருக்கும். பன்னா என்றால் துணியின் அகலம். முதல் டாப்புக்குக் கெட்டியான சாதாரணக் காட்டன், வழுக்காததாக எடுங்கள். லினனும் நன்றாக மடியும். ஜப்பானில் குழந்தை உடைகளுக்குப் பேர்போன இரட்டை மல் துணி மெத்தென்று இருக்கும், ஆனால் வெட்டும்போது நெளியும். இரண்டாவது சட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். பூக்கள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும் பிரிண்ட் வேண்டாம். துண்டுகளைத் தலைகீழாகப் போட முடியாமல் துணி கூடுதலாகும்.

டோக்கியோவில் இருப்பவர்களுக்கு நிப்போரி. யாமனோத்தே ரயிலில் இறங்கி கிழக்குப் பக்கம் நடந்தால் தெருவின் இருபுறமும் துணிக்கடைகள்தான். ‘தொமாத்தோ’ என்ற கடையின் மலிவுத் துணிக் குவியலில் ஒத்திகைத் துணியை வாங்கலாம். வேறு பெரிய கைவினைக் கடைகளுக்குப் போனால் விலைச்சீட்டைக் கவனியுங்கள். சிலவற்றில் போட்டிருக்கும் விலை மீட்டருக்கல்ல, 10 செ.மீ.-க்கு. ‘அடடா, இவ்வளவு மலிவா’ என்று இரண்டு மீட்டர் வெட்டச் சொல்லிவிட்டு பில்லைப் பார்த்து முழித்தவள் நான். வெட்டிய துணியைத் திருப்ப முடியாது.

ஊரிலிருந்து கொண்டுவந்த துணி என்றால் பன்னாவை அளந்துகொள்ளுங்கள். 44 இன்ச் என்றால் கிட்டத்தட்ட 112 செ.மீ., புத்தகப் படம் அப்படியே பொருந்தும். 36 இன்ச் கைத்தறி என்றால் 91 செ.மீ.தான். அந்தப் படத்தை மறந்துவிட்டு, துண்டுகளைத் தரையில் நீங்களே அடுக்கிப் பாருங்கள்.

வெட்டுவதற்கு முன் துணியை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, லேசாக ஈரம் இருக்கும்போதே அயர்ன் செய்யுங்கள். அயர்ன் பெட்டியைக் குறுக்கே சாய்த்து ஓட்டாதீர்கள். நீள நூலும் குறுக்கு நூலும் செங்கோணத்தில் இருக்கிறதா என்று பார்த்து, கோணலாக இருந்தால் எதிர்மூலைகளைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்களின் சட்டைதான் துவைத்த பிறகு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்.

வெட்டுவது

வெளிப்பக்கம் உள்ளே போகும்படி துணியை மடித்து, கரைக்கு இணையாக அம்புக்குறி வரும்படி தாளை வையுங்கள். அம்பின் இரண்டு முனையிலிருந்தும் கரை வரை அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘வா’ ஓரம் மடிப்பை ஒட்டி உட்கார வேண்டும், ஒரு நூல்கூட விலகாமல். வெளிக்கோட்டில் வெட்டுங்கள். குறுக்குக் கோடுகள் இருந்த இடங்களில் 0.3 செ.மீ. மட்டும் நுனிக் கத்தரியால் வெட்டுக் கொடுங்கள். முன்துண்டின் உள்பக்கத்தில் ஒரு சிறு டேப் ஒட்டி ‘முன்’ என்று எழுதிவிட்டால் பிறகு குழப்பம் இல்லை.

துணியில் தையல் கோடு வரைய வேண்டாம். ஓரத்தைச் சரியாக 1 செ.மீ. விட்டு வெட்டியிருக்கிறோம், அதே 1 செ.மீ.-ல் தைத்தால் கோடு தானாக வந்து விழும். ஃபுட் (ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) ஓரத்தை வைத்துத் தைக்கும் பழக்கம் இருந்தால் இங்கே ஆகாது, அது 1 செ.மீ. இருக்காது. ஊசியிலிருந்து 1 செ.மீ. அளந்து மிஷின் தட்டில் வண்ண டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டு போகட்டும், கண் ஊசியைப் பார்க்கவே வேண்டாம்.

ஊசி 11, நூல் 60 எண். நடுத்தரத் துணிக்கு இது போதும். மெல்லிய துணிக்கு ஊசி 9, நூல் 90. (நூலில் எண் ஏற ஏற மெலியும், ஊசியில் எண் ஏற ஏறத் தடிக்கும். யார் இப்படி வைத்தார்களோ.)

தைப்பது

நான் எடுத்துக்கொண்டது தோள் இறங்கிய, காலர் இல்லாத டாப். பின்கழுத்தில் ஒரு சின்னத் திறப்பு, ஒரு பட்டன். முதல் உடைக்கு இப்படி ஒன்றையே பாருங்கள். ஜிப், காலர், பிரித்த பிளாக்கெட் எதுவும் வேண்டாம்.

தைப்பதற்கு முன்பே அயர்ன் செய்துவிடும் வேலை ஒன்று உண்டு. ஒரு பழைய அஞ்சலட்டையில் 1, 2, 3 செ.மீ.-க்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கீழ் ஓரத்தையும் கைமுனையையும் அந்த அட்டையின் மேல் மடித்து, கோட்டைப் பார்த்து அயர்ன் செய்யுங்கள்: முதலில் 1 செ.மீ., பிறகு 2 செ.மீ. இந்த இரட்டை மடிப்புக்குத்தான் ‘மிட்சு-ஒரி’ என்று பெயர். துண்டு தட்டையாக இருக்கும்போதே மடிப்புத் தடம் விழுந்துவிட்டால், கடைசியில் குழாய் மாதிரி ஆன கையை வைத்துக்கொண்டு போராட வேண்டியதில்லை.

கழுத்து உள்பட்டியின் உள்பக்கத்தில் ஒட்டு கேன்வாஸை அயர்ன் செய்து ஒட்டுங்கள். தேய்க்காமல், ஓரிடத்தில் பத்து விநாடி போல அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் அழுத்த வேண்டும். பிறகு உடம்பின் தோள்களை நாக்கா-ஒமொத்தேயாகச் சேர்த்துத் தைத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஜிக்ஜாக் போட்டு, பின்பக்கமாகச் சாய்த்து அயர்ன் செய்யுங்கள். உள்பட்டியின் தோளையும் அதேபோல் தைத்து, அதை மட்டும் இருபுறமும் விரித்து அயர்ன் செய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் தடித்துவிடக் கூடாது. உள்பட்டியின் வெளி ஓரத்துக்கும் ஜிக்ஜாக்.

இனிக் கழுத்து. இந்த டாப்பில் உங்கள் திறமை தெரிவது இங்கேதான், அவசரம் தெரிவதும் இங்கேதான். உடம்பின் வெளிப்பக்கமும் உள்பட்டியின் வெளிப்பக்கமும் பார்க்கும்படி வைத்து, முதலில் இரண்டு தோளிலும், முன் நடுவிலும் பின் நடுவிலும் குண்டூசி. பிறகு இடையில். கழுத்தைச் சுற்றித் தைத்துக்கொண்டே வந்து, பின் நடுவில் திறப்புக்கு வரும்போது அதன் நடுக்கோட்டிலிருந்து 0.3 செ.மீ. தள்ளி இறங்குங்கள். நுனியை நெருங்க நெருங்கக் கோட்டை ஒட்டி வந்து, நுனியில் ஊசி துணியில் குத்தி நிற்கும்போது ஃபுட்டைத் தூக்கித் திருப்பி, குறுக்கே ஒரே ஒரு தையல் போட்டு, மறுபடி திருப்பி மேலே ஏறுங்கள். அந்த ஒற்றைக் குறுக்குத் தையல் இல்லாமல் கூர்மையாகத் திரும்பினால், புரட்டிய பிறகு நுனியில் எப்போதும் ஒரு சுருக்கம் நிற்கும்.

நடுக்கோட்டை நுனிக்கு 0.1 செ.மீ. முன்பு வரை வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் மூச்சை இழுத்துக்கொள்வேன், இன்றைக்கும். கழுத்து வளைவில் ஓரத்துணியை 0.5 செ.மீ.-ஆகக் குறைத்து, 1 செ.மீ. இடைவெளியில் தையலுக்கு 0.2 செ.மீ. முன்வரை வெட்டுக் கொடுங்கள். உள்பட்டியை உள்ளே புரட்டி, விரல் நகத்தால் தையலை வெளியே தள்ளி, உள்பட்டி வெளியே எட்டிப் பார்க்காமல் ஒரு நூல் உள்ளே தள்ளி அயர்ன் செய்யுங்கள். பிறகு வெளிப்பக்கத்திலிருந்து கழுத்து ஓரத்தில் ஒரு தையல். எவ்வளவு தள்ளி என்பது படத்தில் எண்ணாக இருக்கும்.

தோள் இறங்கிய டாப்பில் கையை முதலில் வைத்துவிட்டு, பிறகுதான் பக்கத்தை மூட வேண்டும். ஊரில் ஜாக்கெட் தைக்கிறவர்கள் செய்வதும் அதுதான். கையில் முன், பின் உண்டு, முன்வளைவு கொஞ்சம் ஆழமாக இருக்கும். வெட்டுக் கொடுத்த குறிகள் மூன்றையும் உடம்பின் குறிகளோடு பொருத்திக் குண்டூசி குத்துங்கள். தைத்ததும் ஜிக்ஜாக் போட்டு, உடம்புப் பக்கம் சாய்த்து அயர்ன். அடுத்து கைமுனையிலிருந்து ஆரம்பித்து, அக்குளைச் சுற்றி, கீழ் ஓரம் வரை ஒரே ஓட்டமாகத் தையல். அயர்ன் செய்த மடிப்புகளை அப்போது விரித்துக்கொள்ள மறக்காதீர்கள். அக்குளில் நாலு துணி சேரும் இடத்தில் மேலேயே இன்னொரு தடவை தையல் ஓட்டுங்கள், முதலில் விடுவது அங்கேதான்.

கீழ் ஓரத்தையும் கைமுனையையும் பழைய மடிப்பிலேயே மடித்து, உள்பக்கத்திலிருந்து மடிப்பின் விளிம்பை ஒட்டித் தைத்தால் முடிந்தது. பின்கழுத்துப் பட்டனுக்கு நூல் வளையம் போடச் சொல்லியிருப்பார்கள். ஜாக்கெட் கொக்கிக்கு நூலை நாலு சுற்று ஓட்டி அதன்மேல் காஜா தையல் போடுவோமே, அதேதான். வளையம் பட்டன் நுழையும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். துவைக்கத் துவைக்க அது தளரும்.

முதல் தடவை இதற்கு எனக்கு ஒரு வாரக் கடைசி முழுக்கப் பிடித்தது, பாதி நேரம் தாளிலேயே போனது. அதனால் எடுத்த பேட்டர்னைத் தூக்கிப் போடாதீர்கள். ஓர் உறையில் போட்டு, மேலே புத்தகத்தின் பெயர், பக்கம், சைஸ், நீங்கள் செய்த மாற்றம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். என் உறையில் ‘11-ஆம் எண், மேல்கை 2 கூட்டியது, நீளம் 4 கூட்டியது, தையலுக்கு விட்டாச்சு’ என்று இருக்கிறது. கடைசி இரண்டு சொல்லையும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.